மனிதரும் பெருகுகிறார்கள், பாக்டீரியாவும் பெருகுகிறது: இரண்டும் ஒரே பெருக்கமா?

மக்கள்தொகை பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழுகின்றன. "மனிதர்கள் கிருமிகளைப் போலப் பெருகிக்கொண்டிருக்கிறார்கள்" என்பது ஒன்று. "அளவு மீறினால் இயற்கையே கணக்கைத் தீர்த்துவிடும்" என்பது இன்னொன்று. அண்மைக் காலத்தில் இவற்றுக்கு நேர்மாறான மூன்றாவது வாக்கியமும் சேர்ந்துகொண்டது: "பிறப்பு குறைந்துவிட்டது, மனித இனமே அருகிவிடும்." மூன்றையும் ஒரே மனிதர் ஒரே மாலையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் ஓரளவு உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அவை இவ்வளவு காலம் புழங்குகின்றன. மனிதப் பெருக்கத்தை மற்ற உயிர்களின் பெருக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, எது ஒத்துப்போகிறது, எது விலகுகிறது என்று பொறுமையாகப் பார்த்தால் அந்த உண்மையின் அளவு தெரிந்துவிடும். அதற்குப் பெரிய கணிதம் எதுவும் தேவையில்லை.

ஒரு விசித்திரத் தொட்டி

தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே ஒரு குழாய் நீரை ஊற்றுகிறது. அடியில் ஒரு வடிகால் நீரை வெளியேற்றுகிறது. குழாய் பிறப்பு, வடிகால் இறப்பு, தொட்டியிலுள்ள நீர் ஓர் உயிரினத்தின் மொத்த எண்ணிக்கை. வருவது போவதைவிட மிகுந்தால் நீர்மட்டம் ஏறும், குறைந்தால் இறங்கும், இரண்டும் சமமானால் அசையாமல் நிற்கும். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை பிறப்பு என்பதைப் பிறப்பு விகிதம் என்றும், எத்தனை இறப்பு என்பதை இறப்பு விகிதம் என்றும் சொல்கிறோம்.

இந்தத் தொட்டிக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. நீர்மட்டம் ஏற ஏற, குழாயின் வாயும் அகன்றுகொண்டே போகும். பத்து பேர் பெற்ற பிள்ளைகளைவிட நூறு பேர் பெறும் பிள்ளைகள் மிகுதி. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து பிள்ளை பெறுவார்கள். கடன் வாங்கியவர்கள் "வட்டி குட்டி போடுகிறது" என்று அலுத்துக்கொள்வது இதே கணக்கைத்தான். அடுத்த சுற்றில் வட்டியும் முதலாகிவிடுகிறது. இவ்வாறு இருக்கும் எண்ணிக்கையைப் பொறுத்து, மாறாத ஒரே விகிதத்தில் வளர்வதற்கு மடங்குப் பெருக்கம் என்று பெயர். இதன் அடையாளம், எண்ணிக்கை இரட்டிப்பதற்கு எப்போதும் ஒரே அளவு காலம் பிடிக்கும் என்பது. அந்தக் காலத்தை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்: 70ஐ ஆண்டு வளர்ச்சி விழுக்காட்டால் வகுத்தால் போதும். ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்ந்தால் 35 ஆண்டுகளில் இரட்டிப்பு, 1 விழுக்காடு வளர்ந்தால் 70 ஆண்டுகள்.

பாக்டீரியாவின் இரண்டு நாள்கள்

நம் குடலில் வாழும் ஈ-கோலை பாக்டீரியா, சூடும் உணவும் இடமும் தாராளமாகக் கிடைத்தால் சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கிறது. ஒன்றில் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் எட்டு. இது யாரையும் பயமுறுத்தாத எண். பத்து மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான். ஆயினும் 24 மணி நேரம் இதே வேகம் நீடித்தால் அந்த ஒற்றை உயிரின் வாரிசுகள் 4,000 டன்னுக்கு மேல் எடை கொண்டிருக்கும். 48 மணி நேரம் நீடித்தால் அவற்றின் எடை பூமியின் எடையைப்போல் சில ஆயிரம் மடங்கு ஆகியிருக்கும்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதற்கு நாம் உயிரோடு இருப்பதே சாட்சி. சில மணி நேரத்திலேயே உணவு தீர்கிறது, கழிவு சேர்கிறது, பிளவு மந்தமாகி நின்றுவிடுகிறது. எல்லா உயிர்களிடமும் மடங்குப் பெருக்கத்துக்கான திறன் இருக்கிறது. அந்தத் திறன் முழுமையாக வெளிப்படும் காலம் மட்டும் எப்போதும் குறுகியதாகவே இருக்கிறது. மெதுவாக இனப்பெருக்கம் செய்யும் யானையை எடுத்துக்கொண்டு சார்லஸ் டார்வின் கணக்குப் போட்டுப் பார்த்தார். தடையே இல்லாவிட்டால் 750 ஆண்டுகளுக்குள் ஒரே இணையின் வழித்தோன்றல்கள் ஒரு கோடியே 90 லட்சம் வரை பெருகிவிடும் என்று அவருக்கு விடை கிடைத்தது.

வேகத்தில் மனிதர் எங்கே நிற்கிறார்கள்?

ஒரு பெரிய காட் மீன் ஒரு பருவத்தில் பல லட்சம், சில வேளைகளில் ஒரு கோடியை நெருங்கும் அளவுக்குக்கூட முட்டையிடுகிறது. வீட்டு எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம். பிறந்த குட்டி இரண்டு மாதத்துக்குள் தானே தாயாகத் தயாராகிவிடும். யானைக்குக் கர்ப்பம் 22 மாதம், அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டு இடைவெளி. இந்த வரிசையில் மனிதரின் இடம் யானைக்குப் பக்கத்தில்தான்.

இங்கே பலரும் வியக்கும் ஒரு செய்தி உண்டு. உலக மனித மக்கள்தொகை மிக விரைவாக வளர்ந்த காலம் 1960களின் முற்பகுதி. அப்போதைய ஆண்டு வளர்ச்சி 2 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. நல்ல பாதுகாப்பும் தீவனமும் கிடைத்த ஆப்பிரிக்க யானைக் கூட்டங்கள் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்திருக்கின்றன. மனித இனம் தன் உச்ச வேகத்தில்கூட யானையின் உச்ச வேகத்தை எட்டவில்லை. சில நாடுகள் தனித்தனியே 3 விழுக்காட்டைத் தாண்டியதுண்டு. உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வேகம் ஒருபோதும் வந்ததில்லை.

நம் நெருங்கிய உறவினரான குரங்கினங்களோடு ஒப்பிட்டால் மட்டும் நாம் சுறுசுறுப்பானவர்கள். சிம்பன்சித் தாய் இரண்டு குட்டிகளுக்கு இடையே ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் விடுகிறது. ஒராங்குட்டான் ஏழு எட்டு ஆண்டுகள்கூட விடும். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் மனிதச் சமூகங்களில் அந்த இடைவெளி பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள். பாட்டி, அத்தை, மூத்த பிள்ளை என்று பலர் சேர்ந்து வளர்ப்பதால் மனிதத் தாயால் அடுத்த குழந்தையை விரைவில் பெற முடிகிறது.

காட் மீனுக்குத் திரும்புவோம். லட்சக்கணக்கான முட்டைகள் இருந்தும் கடல் முழுக்கக் காட் மீனாக நிரம்பிவிடுவதில்லை. எண்ணிக்கை நிலையாக இருக்கும் எந்த உயிரினத்திலும், ஓர் இணையின் வாழ்நாள் பிள்ளைகளில் சராசரியாக இரண்டு மட்டுமே பிழைத்து வளர்ந்து இனம் பெருக்குகின்றன. மீனுக்கும் இரண்டு, எலிக்கும் இரண்டு, யானைக்கும் இரண்டு. எத்தனை பிறக்கின்றன என்பதை வைத்து மட்டும் எந்த உயிரினத்தின் பெருக்கத்தையும் கணிக்க முடியாது.

இதுவரை பார்த்தவற்றைத் திரட்டிச் சொன்னால்: எல்லா உயிர்களும் மடங்குகளில் பெருக வல்லவை, மனிதர் அவற்றுள் மிக மெதுவானவர்களின் வரிசையில் இருக்கிறார்கள், எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பிறப்புக்கும் பிழைப்புக்கும் உள்ள கணக்கு. "கிருமிகளைப் போல" என்ற உவமை, வேகம் என்ற அளவில் பொருந்தவே இல்லை.

செயின்ட் மேத்யூ தீவின் மான்கள்

இரண்டாவது வாக்கியத்துக்கு, அதாவது இயற்கை கணக்குத் தீர்ப்பதற்கு, ஒரு மெய்யான நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்ற ஆளில்லாத தீவு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944இல், அங்கே பணியில் இருந்தவர்களுக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை 29 துருவ மான்களைக் கொண்டுவந்து விட்டது. போர் முடிந்தது, ஆள்கள் போய்விட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. அவற்றைத் தின்ன ஓநாய் இல்லை. தரை முழுக்க லைக்கன் என்ற, பாசியும் பூஞ்சையும் இணைந்த உயிர், கம்பளம்போல் படர்ந்திருந்தது. குளிர்காலத்தில் துருவ மானின் முதன்மை உணவே அதுதான்.

1957இல் எண்ணியபோது சுமார் 1,350 மான்கள் இருந்தன. 1963இல் சுமார் 6,000. 1944இலிருந்து கணக்கிட்டால் சராசரியாக ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கும் மேலான வளர்ச்சி இது. மனிதரின் உச்ச வேகத்தைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. ஆனால் 1963இல் அங்கே சென்ற ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு வேறொன்றையும் கண்டார்கள். மான்களின் உடல் எடை ஆறு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருந்தது, கூட்டத்தில் குட்டிகளின் பங்கும் சுருங்கியிருந்தது, லைக்கன் கம்பளம் பல இடங்களில் மேயப்பட்டுத் தரை தெரிந்தது. லைக்கன் மிக மெதுவாக வளர்வது. மேய்ந்த இடம் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அடுத்து வந்த குளிர்காலம் கடுமையானது. 1966இல் அந்தத் தீவில் உயிரோடு இருந்தவை 42 மான்கள், அவற்றுள் 41 பெண். எஞ்சிய ஒரே ஆணும் இனப்பெருக்கத்துக்குத் தகுதியற்றதாகத் தோன்றியது. 1980களுக்குள் அந்தக் கூட்டம் முற்றிலும் மறைந்துவிட்டது.

ஓர் இடம் ஓர் உயிரினத்தில் எத்தனையைத் தொடர்ந்து தாங்க முடியுமோ அந்த எண்ணிக்கைக்குத் தாங்குதிறன் என்று பெயர். செயின்ட் மேத்யூ மான்கள் அந்த எல்லையைக் கவனிக்காமல் தாண்டி விழுந்தன. எல்லா உயிர்களும் இப்படி விழுவதில்லை. 1930களில் ருஷ்ய உயிரியலாளர் கௌஸ் சோதனைக்குழாய்களில் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரை வளர்த்தபோது, எண்ணிக்கை முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் ஏறி, உணவின் எல்லை நெருங்க நெருங்கத் தணிந்து, ஒரு மட்டத்தில் நின்றது. வரைபடத்தில் அது சாய்ந்து நீண்ட எஸ் எழுத்தைப்போல் தெரியும். பெல்ஜியக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் இந்தக் கோட்டுக்கான சூத்திரத்தை 1838லேயே எழுதிவிட்டார்.

விழுந்தாலும் தணிந்தாலும் உள்ளே இயங்கும் பொறி ஒன்றுதான். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு உயிருக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது, அதனால் இறப்பு கூடுகிறது அல்லது மெலிந்த தாயால் குட்டி ஈன முடியாமல் பிறப்பு குறைகிறது, அதனால் பெருக்கத்தின் வேகம் குறைகிறது. நெருக்கடியே பிரேக்காகச் செயல்படும் இந்த ஏற்பாடு மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1798இல் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் மால்தஸ் எழுதியதும் ஏறக்குறைய அதைத்தான்.

மனிதரின் கோடு

பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், உழவு தொடங்கிய காலத்தில், உலகில் சில பத்து லட்சம் மனிதர்களே இருந்தார்கள். அங்கிருந்து 100 கோடியை எட்ட 1804 வரை ஆயிற்று. அந்த நெடுங்காலத்தின் சராசரி வளர்ச்சி ஆண்டுக்கு 0.1 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நிறையப் பிறந்தார்கள், நிறைய இறந்தார்கள்; பஞ்சமும் கொள்ளைநோயும் அவ்வப்போது ஏறியதை இறக்கிவிட்டன. அதுவரை நம் கதை மற்ற உயிர்களின் கதையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை.

அதன் பிறகு வரும் ஆண்டுகளைக் கவனியுங்கள். 100 கோடி 200 கோடியாக 123 ஆண்டுகள் ஆயின, அது 1927. 200 கோடி 400 கோடியாக 47 ஆண்டுகள், அது 1974. 1960இல் இருந்த 300 கோடி 1999இல் 600 கோடியாக 39 ஆண்டுகளே போதுமானதாக இருந்தன. மடங்குப் பெருக்கத்தில் இரட்டிக்கும் காலம் மாறாது என்று மேலே சொன்னோம். இங்கோ அந்தக் காலமே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. வட்டி குட்டி போட்டது போதாதென்று வட்டி விகிதமும் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கூட்டம் பெருகினால் வேகம் குறைய வேண்டும் என்பது மற்ற உயிர்களின் வழக்கம். மனிதரிடம் கூட்டம் பெருகப் பெருக வேகம் கூடியது. அதிக மனிதர்கள் என்றால் அதிகக் கைகள், அதிகக் கண்டுபிடிப்புகள், அவற்றால் குறைவான இறப்பு என்று சங்கிலி நீண்டது.

1960இல் ஹைன்ஸ் ஃபான் ஃபூர்ஸ்டர் என்ற அறிஞரும் அவருடைய சக ஆய்வாளர் இருவரும் இந்தப் போக்கை அப்படியே நீட்டிப் பார்த்து, 2026 நவம்பர் 13 வெள்ளிக்கிழமை மனிதரின் எண்ணிக்கை முடிவிலியை எட்டும் என்று பாதி கேலியாகவும் பாதி எச்சரிக்கையாகவும் எழுதினார்கள். அவர்கள் எழுதிய சில ஆண்டுகளிலேயே வளர்ச்சி விகிதம் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 400 கோடி 800 கோடியானது 2022 நவம்பரில். அதற்கு 48 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரட்டிக்கும் காலம் மறுபடி நீளத் தொடங்கியிருந்தது.

வடிகால் அடைபட்டது, பிறகு குழாய் சுருங்கியது

தொட்டிக்குத் திரும்பினால் காரணம் விளங்கும். கடந்த இருநூறு ஆண்டுகளின் பெருக்கம், மக்கள் திடீரென்று அதிகப் பிள்ளைகள் பெற்றதால் வந்ததன்று. குழாய் ஏறக்குறையப் பழைய அளவிலேயே ஊற்றிக்கொண்டிருக்க, வடிகால்தான் அடைபட்டது. பழைய காலத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி வயதுக்கு வருமுன்பே இறந்தன. சுத்தமான குடிநீர், கழிவுநீர் அகற்றல், தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், மேம்பட்ட உணவு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. பெரியம்மை 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இன்று உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எட்டுப் பிள்ளை பெற்றால் மூன்று தங்கும் என்ற கணக்கில் பழகிய குடும்பங்களில் எட்டும் தங்கின. மக்கள்தொகை வெடிப்பு என்று அழைக்கப்பட்டது இந்த இடைக்காலம்தான்.

குழாய் சுருங்கியது ஒரு தலைமுறையோ இரண்டு தலைமுறையோ கழித்து. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மொத்தக் கருவள விகிதம் என்று பெயர். உலக அளவில் 1960களின் தொடக்கத்தில் அது 5 என்ற அளவில் இருந்தது, இப்போது 2.3 அளவுக்கு இறங்கிவிட்டது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பெண்கல்வி, கருத்தடை வசதி, நகர வாழ்க்கை, பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் நெடுங்காலம் படிக்க வைக்கும் செலவு ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. எது எவ்வளவு என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால் குழந்தை இறப்பையும் பெண்கல்வியையும் முன்னால் வைப்பேன். உயர்ந்த பிறப்பு, உயர்ந்த இறப்பு என்ற பழைய நிலையிலிருந்து தாழ்ந்த பிறப்பு, தாழ்ந்த இறப்பு என்ற நிலைக்கு ஒரு சமூகம் கடந்து செல்வதை மக்கள்தொகை மாறுநிலை என்பார்கள்.

மான்களிடமிருந்து நாம் விலகும் இடம் இதுதான். மான் கூட்டத்தில் தீவனம் குறைந்தபோது பிறப்பு குறைந்தது. மனிதரில் உணவும் மருத்துவமும் முன்னைவிடத் தாராளமாகக் கிடைத்த சமூகங்களில்தான் பிறப்பு முதலில் குறைந்தது. வேகம் தணிந்த கோடு வெளிப்பார்வைக்குப் பரமீசியத்தின் கோட்டைப்போல் தெரிந்தாலும், அதை வளைத்த கை வேறு.

சுருங்கச் சொன்னால்: இறப்பு குறைந்ததால் பெருகினோம், பிறப்பு குறைந்ததால் வேகம் தணிகிறது, அந்தத் தணிவு பட்டினியால் வந்ததன்று.

கூரையை உயர்த்தும் உயிர்

அப்படியானால் மனிதருக்குத் தாங்குதிறன் என்பதே கிடையாதா? உண்டு, ஆனால் அதை ஓர் எண்ணாக எழுதிவைக்க முயன்றவர்கள் சறுக்கியிருக்கிறார்கள். 1920இல் ரேமண்ட் பேர்லும் லோவல் ரீடும் எஸ் வடிவக் கோட்டை அமெரிக்க மக்கள்தொகைக்குப் பொருத்தி, அது சுமார் 19 கோடியே 70 லட்சத்தைத் தாண்டாது என்று கணித்தார்கள். 1960கள் முடிவதற்குள் அமெரிக்கா அந்த எண்ணைக் கடந்துவிட்டது. மானால் லைக்கன் பயிரிட முடியாது. மனிதரால் நிலத்தின் விளைச்சலை மாற்ற முடிகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் ஹேபர்-பாஷ் முறை 1913இல் தொழிற்சாலை அளவில் தொடங்கியது. இன்றைய உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் உணவு அந்த உரத்தை நம்பியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு எல்லையே இல்லை என்று குதிப்பதும் பிழை. தாங்குதிறன் எனும் கூரையின் ஒரு பகுதியை நாம் பிற உயிர்களின் பங்கிலிருந்து எடுத்துத்தான் உயர்த்தியிருக்கிறோம். வாழத்தக்க நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி இப்போது வேளாண்மைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுகிறது. 2018இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகப் பாலூட்டிகளின் மொத்த எடையில் 36 விழுக்காடு மனிதர்கள், 60 விழுக்காடு நாம் வளர்க்கும் கால்நடைகள், காட்டுப் பாலூட்டிகள் எல்லாம் சேர்ந்தே 4 விழுக்காடு. யானை, திமிங்கிலம் உட்பட அந்த நான்கில் அடக்கம்.

வேகம் குறைந்தும் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது?

கருவள விகிதம் இவ்வளவு இறங்கியும் உலக மக்கள்தொகை ஆண்டுக்குச் சுமார் 7 கோடி கூடிக்கொண்டிருக்கிறது. வண்டியின் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அது சிறிது தூரம் உருள்வதைப் போன்றது இது. இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர். முன்பு நிறையப் பிறந்த தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது. ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் பெறுவோர் மிகுதி என்பதால் மொத்தம் ஏறுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பு, 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் வந்து பிறகு மெல்ல இறங்கும் என்கிறது.

மூன்றாவது வாக்கியம் பாக்கியிருக்கிறது. 800 கோடியைத் தாண்டிய, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் ஓர் இனம் அருகிவருகிறது என்பது இப்போதைக்கு மிகைதான். ஆனால் அந்தக் கவலையின் அடியில் ஒரு மெய்யான வேறுபாடு இருக்கிறது. விலங்குகளில் கூட்டம் குறைந்தால் எஞ்சியவற்றுக்குத் தீவனம் தாராளமாகி, வழக்கமாகப் பிறப்பு மறுபடி ஏறும். நெருக்கடி எனும் பிரேக் இரண்டு திசையிலும் வேலை செய்யும். மனிதரின் பிறப்பைக் குறைத்தது நெருக்கடி அன்று என்பதால், கூட்டம் குறைந்தால் அது தானாக ஏறும் என்று நம்ப இடமில்லை. இறப்பு தாழ்ந்த ஒரு சமூகம் எண்ணிக்கை மாறாமல் நிற்கக் கருவள விகிதம் ஏறத்தாழ 2.1 வேண்டும். தென்கொரியாவில் 1960இல் ஆறாக இருந்த அந்த எண் 2023இல் 0.72. அதே விகிதம் நீடித்தால், இன்று நூறு ஆணும் நூறு பெண்ணுமாக இருக்கும் 200 பேருக்குப் பிறப்பது 72 பிள்ளைகள், அந்த 72 பேருக்குப் பிறப்பது ஏறக்குறைய 26.